கடை வண்டிக்கு இன்ஷூரன்ஸ்: தென்னாப்பிரிக்காவில் சிறுதொழில் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கடை போட்டவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. விலையை முதலில் கேட்டால் அந்த விலைக்கு ஏற்றபடி பதில்களை வளைக்கத் தோன்றும். மகன் ஓட்டுவதைச் சொல்ல வேண்டாம், டெலிவரியைச் சொல்ல வேண்டாம், ராத்திரி வண்டி தெருவில் நிற்பதை 'கராஜ்' என்று போட்டுவிடலாம். பிரீமியம் குறையும். பிறகு ஒருநாள் என்2 நெடுஞ்சாலையில் இடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பதில்களெல்லாம் வரிசையாகத் திரும்பி வரும்.

நான் மசாலாத் தூளும் இனிப்பும் சப்ளை செய்கிறவன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னக் கிடங்கு, இரண்டு பக்கி, ஒரு பேனல் வேன். பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் எனக்கு அது 'பாக்கி' என்றே காதில் விழுந்தது. தவணை முடியும்வரை அதுவும் சரிதான்.

கீழே சொல்லும் வரிசையில் போங்கள். ஒரு படியில் எழுதியதை வைத்துத்தான் அடுத்த படியைச் செய்ய முடியும்.

1. பெட்ரோலில் போகும் காசு உங்கள் வண்டிக்கு இல்லை

இந்தியாவில் மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் 'பெட்ரோல் விலையிலேயே இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொள்கிறார்கள், தனியாக எதற்கு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

பெட்ரோல், டீசல் விலையில் பிடிக்கும் அந்தத் தொகை போவது சாலை விபத்து நிதிக்கு. ஆர்.ஏ.எஃப். என்பார்கள். விபத்தில் மனிதருக்கு ஏற்பட்ட காயத்துக்கும் சாவுக்கும்தான் அது நஷ்டஈடு தரும். வண்டியின் ஒரு பம்பருக்குக்கூடத் தராது. உங்கள் வண்டிக்கும் கிடையாது, எதிரே வந்த வண்டிக்கும் கிடையாது.

உங்கள் டிரைவர் டெலிவரிக்குப் போகும் வழியில் உம்கேனி ரோட்டில் ஒரு விலை உயர்ந்த காரை இடித்தால், அந்தச் செலவு அவர் தலையில் மட்டும் விழாது. வேலை நேரத்தில், வேலைக்காக ஓட்டியதால் முதலாளியான உங்கள் மேலும் விழும். கம்பெனி பதிவு செய்யாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவர்களுக்குக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. கடையின் கடன் வீடுவரைக்கும் வரும்.

டிரைவருக்கே அடிபட்டால் அது இன்னொரு கணக்கு. வேலை செய்யும்போது நேரும் காயத்துக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளர் இழப்பீட்டு நிதி இருக்கிறது. அதில் முதலாளி தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வண்டி பாலிசியில் அது வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

வண்டியின் பதிவுச் சான்றிதழ், லைசன்ஸ் டிஸ்க்கின் (முன்கண்ணாடியில் ஒட்டும் வண்டி உரிம வில்லை) போட்டோ, ஓட்டப் போகும் எல்லோருடைய லைசன்ஸ் கார்டு (முன்பக்கம், பின்பக்கம்), கம்பெனி பதிவுச் சான்று, வங்கிக் கடன் ஒப்பந்தம், ஏற்கெனவே பாலிசி இருந்தால் கடந்த சில வருடங்களின் கிளெய்ம் விவரம். இவ்வளவும் கையில் இருந்தால்தான் போனை எடுக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து சொல்லும் பதில்களில்தான் தப்பு வருகிறது.

பதிவுச் சான்றிதழில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது பெயர்கள். 'டைட்டில் ஹோல்டர்', 'ஓனர்' என்று இரண்டு வரி இருக்கும். கடன் முடியாத வண்டிக்கு டைட்டில் ஹோல்டர் வங்கி. ஓனர் யார்? நம் குடும்பங்களில் வண்டி அப்பா பெயரில் இருக்கும், கடை மகன் பெயரில் இருக்கும், பிரீமியம் மருமகள் கணக்கிலிருந்து போகும். கிளெய்ம் வரும்போது 'இந்த வண்டி போனால் நஷ்டம் யாருக்கு' என்ற கேள்வி முதலில் எழும். ஒன்று பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் இந்த ஏற்பாட்டை எழுத்தில் சொல்லி ஷெட்யூலில், அதாவது பாலிசியின் விவரப் பட்டியலில், ஏற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வண்டியின் நிலையைக் காட்டும் குறியீட்டு எண், 'கோடு' (code) என்பார்கள். பழைய வண்டி என்றால் சாதாரணமாகக் கோடு 2. கோடு 3 என்றிருந்தால் அது ஒருமுறை நொறுங்கிப் போய்த் திரும்பக் கட்டிய வண்டி. பல கம்பெனிகள் அதற்கு முழுக் காப்பீடு தராது, தந்தாலும் விலையைக் குறைத்துத்தான் போடும். பக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று காசைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது.

3. வண்டி என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இங்கே வண்டியின் உபயோகத்தைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிப்பார்கள். வீட்டு உபயோகம், அதாவது சொந்த வேலை, வேலைக்குப் போய்வருவது. தொழில் உபயோகம், அதாவது வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, வேலை விஷயமாகச் சுற்றுவது. வணிக உபயோகம், அதாவது சரக்கு ஏற்றுவது, டெலிவரி செய்வது. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். அதனால் பெயரை நம்பாமல் அதன் விளக்கத்தைப் படியுங்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. சொந்தச் சரக்கை ஏற்றுவது வேறு, அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவது வேறு. கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து உங்கள் கடைக்குக் காய்கறி கொண்டுவந்தால் அது சொந்தச் சரக்கு. போகிற வழிதானே என்று பக்கத்துக் கடைக்காரர் மூட்டையையும் ஏற்றி இருநூறு ரேண்ட் வாங்கிக்கொண்டால், அந்தப் பயணம் வாடகைப் பயணம். பாலிசியில் அது இல்லையென்றால் அந்த இருநூறு ரேண்டுக்காக முழு வண்டியையும் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது இன்னும் கடுமை. பக்கியின் சரக்குப் பகுதியில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது சாலை விதி. கோம்பி என்கிற மினி பஸ் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு 2009ஆம் ஆண்டுத் தரைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இயக்க உரிமம் வேண்டும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், உரிமம் இல்லாத வண்டிக்கு கிளெய்ம் நிற்காது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் பக்கியை வாங்கியபோது போனிலேயே பாலிசி எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. தீபாவளிக்கு முந்தின வாரம் வெருலம் பக்கம் இனிப்புப் பெட்டிகளோடு போகும்போது ஒரு சிக்னலில் முன்வண்டியில் மோதினேன். வந்த மதிப்பீட்டாளர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் பெட்டிகளைத்தான் போட்டோ எடுத்தார். கிளெய்மை மறுத்துவிட்டார்கள். எனக்கு ஒரே கோபம், விற்றவர் சரியாகக் கேட்கவேயில்லை என்று சண்டை போட்டேன். போன் பதிவை அனுப்பினார்கள். அந்தப் பெண் தெளிவாகக் கேட்கிறார்: "சரக்கு ஏற்றுவீர்களா, டெலிவரி உண்டா?" என் குரல் சொல்கிறது: "இல்லை, இல்லை, சொந்த உபயோகம்தான்." விலை ஏறிவிடும் என்று பயந்து சொன்னது.

அதனால் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு சாதாரண வாரத்தில் வண்டி எங்கே போகிறது, எதை ஏற்றுகிறது, யாருடைய சரக்கு, ராத்திரி எங்கே நிற்கிறது, எல்லை தாண்டுமா. வழக்கமில்லாத நாட்களையும் எழுதுங்கள். தீபாவளிக் கூட்டம், கல்யாண கேட்டரிங், காவடிக்குக் கோயிலில் பந்தல் சாமான் இறக்குவது எல்லாம் அதில் வரட்டும். கோயிலுக்கு இலவசமாகச் செய்தாலும் எழுதுங்கள். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது கம்பெனியின் பாடு.

4. யார் ஓட்டுவார்கள்

பாலிசிகளில் இரண்டு முறை உண்டு. பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்கள் மட்டும், அல்லது உங்கள் அனுமதியோடு செல்லுபடியான லைசன்ஸ் உள்ள எவரும். கடைக்கு இரண்டாவதுதான் வசதி. ஆள் வராத நாளில் வேறொருவர் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் 'எவரும்' என்றால் நிபந்தனை இல்லை என்று அர்த்தமில்லை. 25 வயதுக்குள் இருப்பவர், லைசன்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர் ஓட்டினால் கூடுதல் எக்ஸஸ் (கிளெய்மில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கு) என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். 'வழக்கமாக ஓட்டுபவர்' என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு 21 வயது மகன் தினமும் ஓட்டுவதுதான் நம்மிடையே நான் அதிகம் பார்க்கும் பொய். அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டிராக்கர் பதிவும் டெலிவரி நோட்டில் இருக்கும் கையெழுத்தும் போதும்.

லைசன்ஸ் வகை வண்டியின் எடைக்குப் பொருந்த வேண்டும். கோடு பி என்பது மொத்த எடை 3,500 கிலோ வரை. அதற்கு மேல் 16,000 கிலோ வரை சி1, பழைய பேச்சில் கோடு 10. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை லைசன்ஸ் டிஸ்க்கிலேயே இருக்கும், ஜி.வி.எம். என்று. 3,500 கிலோவைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஓட்டுநரிடம் பி.டி.பி. என்கிற தொழில்முறை அனுமதியும் வேண்டும். லைசன்ஸ் கார்டு ஐந்து வருடத்துக்கு, பி.டி.பி. இரண்டே வருடத்துக்கு. கார்டு செல்லுபடியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம், பி.டி.பி. சத்தமில்லாமல் முடிந்திருக்கும். எல்லோருடைய தேதிகளையும் கைபேசி நாட்காட்டியில் போட்டு, இரண்டு மாதம் முன்பே மணி அடிக்க வையுங்கள்.

குடியும் இங்கேதான் வருகிறது. சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் வரம்பு. பி.டி.பி. தேவைப்படும் வண்டி ஓட்டுபவருக்கு 0.02 தான். பெரிய வண்டி டிரைவரை ஒரு பீர்கூடச் சிக்கலில் விடலாம் என்று அர்த்தம்.

5. எந்த வகை, எந்த விலை

வகைகள் மூன்று. மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் நீங்கள் இடித்த அடுத்தவர் சொத்துக்கு மட்டும். மூன்றாம் தரப்போடு தீ, திருட்டு என்றால் உங்கள் வண்டி எரிந்தாலும் களவு போனாலும் சேரும். காம்ப்ரிஹென்சிவ் என்கிற முழுக் காப்பீட்டில் உங்கள் வண்டியின் விபத்துச் சேதமும் வெள்ளம், கல்மழை போன்றவையும் சேரும். கடனில் வாங்கிய வண்டிக்கு வங்கி முழுக் காப்பீட்டைத்தான் கேட்கும்.

கடன் முடிந்த பழைய வண்டிக்கு நான் ஒரு கணக்குப் போடுவேன். வருட பிரீமியத்தையும் எக்ஸஸையும் கூட்டி, வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிடுவேன். பாதிக்குப் பக்கமாக வந்துவிட்டால் முழுக் காப்பீட்டை விட்டுவிட்டுக் கீழே இறங்கலாம். ஆனால் மூன்றாம் தரப்பை மட்டும் விடவே மாட்டேன். என் வண்டியின் விலைக்கு ஒரு எல்லை உண்டு. அடுத்தவர் வண்டிக்கு அந்த எல்லை என் கையில் இல்லை.

காப்பீட்டு விலையிலும் மூன்று சொல் புழங்கும். ரீடெயில் என்பது டீலர் அதே வண்டியை விற்கும் விலை, டிரேட் என்பது டீலர் உங்களிடம் வாங்கிக்கொள்ளும் விலை, மார்க்கெட் என்பது இரண்டுக்கும் நடுவே. பக்கி போய்விட்டால் மறுநாளே இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் ரீடெயில் கேளுங்கள். வாங்கப் போவது டீலரிடம்தானே. முன்பணம் போடாமல் கடன் எடுத்தவர்கள், வண்டி விலையைவிடக் கடன் மிச்சம் அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்டும் இணைப்பையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் சாஸ்ரியா. கலவரம், வேலைநிறுத்தம், கும்பல் தீ வைப்பது போன்றவற்றைச் சாதாரண பாலிசி ஏற்காது. அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியா என்ற நிறுவனம்தான் அதற்கு. அதை உங்கள் கம்பெனி வழியாகவே வாங்கலாம், ஷெட்யூலில் தனி வரியாக வரும். 2021 ஜூலையில் குவாசுலு நட்டாலிலும் கௌட்டெங்கிலும் நடந்த கலவரத்துக்கு சாஸ்ரியா கட்டிய இழப்பீடு சுமார் 3,200 கோடி ரேண்ட். என்3 சாலையில் மூயி ரிவர் பக்கம் லாரிகளை எரித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மற்றதோடு ஒப்பிட்டால் இதன் கட்டணம் சின்னது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் சேர்த்த மூன்றாவது வண்டிக்கு விட்டுப்போயிருக்கும்.

2022 ஏப்ரல் டர்பன் வெள்ளம் வேறு கணக்கு. அது இயற்கைச் சேதம், முழுக் காப்பீட்டில் வரும், சாஸ்ரியாவில் வராது. இரண்டும் இருந்தால்தான் இந்த ஊரில் நிம்மதி.

6. வண்டியின் மேலே, உள்ளே, பின்னால் இருப்பவை

வண்டி பாலிசி என்பது வண்டிக்கு. உள்ளே இருக்கும் சரக்குக்கு 'கூட்ஸ் இன் டிரான்சிட்' என்று தனியாக எடுக்க வேண்டும். அதில் ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். அதைச் சாதாரண நாளுக்கு வைக்காமல் வருடத்தின் கனமான நாளுக்கு வையுங்கள்.

காரணம், 'ஆவரேஜ்' என்ற விதி. 50,000 ரேண்டுக்கு எடுத்துவிட்டு 1,00,000 ரேண்ட் சரக்கை ஏற்றிப் போகிறீர்கள், அதில் 20,000 ரேண்ட் சரக்கு நாசமாகிறது என்று வையுங்கள். 20,000 வரம்புக்குள்தானே என்று முழுசாகத் தர மாட்டார்கள். பாதிக்குத்தான் எடுத்தீர்கள், அதனால் பாதிதான், 10,000 என்பார்கள். அதிலும் எக்ஸஸ் கழியும். குளிரூட்டி நின்று பால், இறைச்சி கெட்டால் உண்டா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேனோபி என்கிற பக்கி மேல்மூடி, கூரைச் சட்டம், குளிர்ப்பெட்டி, வண்டியில் ஒட்டிய கடை விளம்பரம் இவற்றை விலையோடு ஷெட்யூலில் ஏற்றுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இல்லாத எதுவும் தானாகச் சேராது. டிரெய்லருக்குத் தனி வரி வேண்டும். கேட்டரிங் வேனில் காஸ் சிலிண்டர் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. தீ என்றால் முதலில் தேடுவது அதைத்தான்.

எல்லை தாண்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி எந்தெந்த நாடுகளில் செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள். மொசாம்பிக்குக்குள் போக மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸை எல்லையில் தனியாக வாங்க வேண்டும். கடனில் உள்ள வண்டி நாட்டை விட்டு வெளியே போக வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

7. இப்போது விலை கேளுங்கள்

தாள் தயார். அதே தாளை வரி மாறாமல் மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள். ஓர் இடத்தில் ஒரு விவரம், இன்னோர் இடத்தில் வேறு விவரம் என்று சொன்னால் வருகிற விலைகளை ஒப்பிட முடியாது.

நேரடிக் கம்பெனியா, புரோக்கரா? ஒரே ஒரு கார் என்றால் நேரடியாகப் போகலாம். வண்டியோடு சரக்கு, கடை, கிடங்கு என்று சேரும்போது புரோக்கர்தான் மேல் என்பது என் அனுபவம், கிளெய்ம் நாளில் நமக்காகப் பேச ஓர் ஆள் இருப்பார். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, எஃப்.எஸ்.சி.ஏ. என்கிற நிதித்துறை நடத்தை ஆணையத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். உரிமம் இருப்பது மட்டும் போதாது. தனிநபர் காப்பீட்டுக்கும் வணிகக் காப்பீட்டுக்கும் வெவ்வேறு பிரிவுகள் உண்டு. அவருக்கு வணிகப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் கமிட்டியில் தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதெல்லாம் உரிமம் ஆகாது. பார்த்தால் அவருக்குக் கோபம் வராது. வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவருடைய கமிஷன் பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் காப்பீட்டுக்கு அதன் உச்சவரம்பு 12.5 சதவீதம். அதற்கு மேல் 'புரோக்கர் ஃபீ' என்று வரி தெரிந்தால் அது எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.

விலைகள் வந்ததும் பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் எக்ஸஸைப் பாருங்கள். கிளெய்மில் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அது. பெரும்பாலும் 'கிளெய்மில் இத்தனை சதவீதம், குறைந்தது இவ்வளவு' என்று இருக்கும். அதற்கு மேல் அடுக்கடுக்காக வரும். இளம் ஓட்டுநருக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று, முதல் சில மாதங்களுக்குள் கிளெய்ம் வந்தால் ஒன்று. நான் ஒரு கற்பனை விபத்தை எழுதி அனுப்புவேன்: 'என் 23 வயது டிரைவர், பாலிசி எடுத்த இரண்டாம் மாதம், 30,000 ரேண்ட் சேதம். என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு?' மாதம் 200 ரேண்ட் மலிவாகத் தெரிந்த பாலிசியின் முகம் அந்தப் பதிலில் வெளுத்துவிடும்.

மாற்று வண்டி பற்றியும் கேளுங்கள். வண்டி பட்டறையில் கிடக்கும் மூன்று வாரம் வியாபாரம் நிற்கக் கூடாதே. 'வாடகை வண்டி உண்டு' என்பார்கள். கிடைப்பது சின்ன ஹாட்ச்பேக். அதில் முப்பது மூட்டை அரிசியை எங்கே வைப்பது?

8. பாலிசியை உண்மையாகவே உயிர்ப்பிப்பது

கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. பல பாலிசிகளில் வண்டியை இன்ஸ்பெக்ஷன் செய்யும்வரை அல்லது போட்டோ அனுப்பும்வரை சேதத்துக்குப் பாதுகாப்பு தொடங்காது. அன்றைக்கே முடியுங்கள்.

திருட்டுக்கும் கடத்தலுக்கும் டிராக்கர் கேட்டிருந்தால் பொருத்திய சான்றிதழை அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். அப்புறம் மாதச் சந்தா நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்கர் வண்டியில் இருந்து, சந்தா நின்றுபோய், வண்டி களவு போன ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஆறுதல் சொல்லக்கூட வார்த்தை வரவில்லை.

ஷெட்யூல் வந்ததும் உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பதிவு எண், எஞ்சின் எண், உபயோகம், ராத்திரி நிற்கும் இடம், சாஸ்ரியா. தப்பு இருந்தால் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னால் மறந்துவிடுவார்கள், நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

டெபிட் ஆர்டர், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் பிடிக்கும் தேதியைக் கையில் காசு இருக்கும் நாளுக்கு வையுங்கள். மாதக் கடைசியில் சப்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கு காலியாக இருக்கும் நாளில் வைத்தால் அது திரும்பும். விதிப்படி, மாத பாலிசியில் இரண்டாம் மாதத்திலிருந்து குறைந்தது 15 நாள் சலுகை உண்டு. முதல் மாதமே திரும்பினால் அந்தச் சலுகையும் இல்லை.

9. இடித்துவிட்டது. இனி என்ன?

இந்தப் பகுதியைச் சுருக்கி ஒரு அட்டையில் எழுதி, வண்டியில் வையுங்கள். டிரைவருக்கு எந்த மொழி சுலபமோ அதில், சுலு என்றால் சுலுவில்.

வண்டியை நிறுத்த வேண்டும். அடிபட்டவர் இருந்தால் முதலில் உதவி. 'தப்பு என்னுடையதுதான், முதலாளி கொடுத்துவிடுவார்' என்று சொல்லக் கூடாது. நல்ல மனதோடு சொன்னாலும் அது கம்பெனியின் கையைக் கட்டிவிடும்.

போட்டோக்கள்: இரண்டு வண்டியும் நின்ற நிலையில், சாலை, சிக்னல், எதிர் வண்டியின் லைசன்ஸ் டிஸ்க், அந்த ஓட்டுநரின் லைசன்ஸ் கார்டு, தொலைபேசி எண், சாட்சி இருந்தால் அவர் எண்.

இழுவை வண்டி நீங்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும். என்2விலும் என்3யிலும் போலீசுக்கு முன்னால் அவர்கள்தான் வருவார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல், கம்பெனியின் அவசர எண்ணுக்கு அடித்து அவர்கள் அனுப்பும் வண்டிக்குக் காத்திருங்கள். தெரியாத யார்டுக்கு வண்டி போனால் இழுத்த கூலி, நாள் வாடகை என்று ஏறிக்கொண்டே போகும். கம்பெனி அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்கும்.

போலீசில் சொல்ல வேண்டும். யாருக்காவது காயமோ உயிரிழப்போ என்றால் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அடுத்த வேலை நாளுக்குள். விபத்துக்கு ஏ.ஆர். எண் என்கிற விபத்துப் பதிவு எண், திருட்டுக்கு கேஸ் எண். இரண்டில் உங்களுக்குரியதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.

கிளெய்ம் போடாவிட்டாலும் கம்பெனியிடம் தகவல் சொல்லுங்கள். 'சின்ன இடிதான், நமக்குள் முடித்துக்கொள்வோம்' என்று கைகுலுக்கிப் போனவர் மூன்று மாதம் கழித்து வக்கீல் கடிதம் அனுப்புவார். அப்போது போய்ச் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பார்கள், பாலிசியில் உள்ள நாள் வரம்பு முடிந்திருக்கும்.

மதிப்பீட்டாளர் வரும்போது டயரையும் அளப்பார். சட்டப்படி குறைந்தது 1 மில்லிமீட்டர் தடம் வேண்டும். ஏற்றிய எடை ஜி.வி.எம்.மைத் தாண்டியதா என்றும் பார்ப்பார். டெலிவரி நோட்டுகளைக் கூட்டினாலே எடை தெரிந்துவிடும்.

10. மறுத்துவிட்டால்

கடிதத்தைப் பார்த்ததும் போன் போட்டுக் கத்தாதீர்கள். நான் கத்தினேன், பிரயோஜனம் இல்லை.

மறுப்புக்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். பாலிசியின் எந்த விதி என்று இல்லையென்றால் கேளுங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் உங்கள் தரப்பைச் சொல்ல உண்டு. போன் பதிவு, விண்ணப்பப் படிவம், மதிப்பீட்டாளர் அறிக்கை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டுவிட்டு உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். நீங்கள் சரியாகச் சொல்லி அவர்கள் தப்பாக எழுதியிருந்தால், அந்த மின்னஞ்சல்தான் உங்கள் பலம்.

அதற்கும் மசியவில்லையென்றால் புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஓம்பட் திட்டத்திடம் போகலாம். பழைய குறுகியகாலக் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் 2024 மார்ச் 1 முதல் இதற்குள் சேர்ந்துவிட்டது. சிறிய வணிகங்களின் புகாரையும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. ஷெட்யூல், பாலிசி புத்தகம், மறுப்புக் கடிதம், உங்கள் பதில் என்று தேதி வரிசையில் அடுக்கி அனுப்புங்கள்.

வழக்குப் போடுவதற்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த 90 நாள் முடிந்ததிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும் என்பது விதி. உங்கள் பாலிசியில் எத்தனை மாதம் போட்டிருக்கிறது என்று பார்த்து, கடைசி நாளைக் கடிதத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.